களைத்துப்போகும் கசிவு

அவளை எல்லோரும் ஓட்டையக்கா என்று கூப்பிடுவார்கள். வெளியாட்கள் கேட்டால் ஏதோ வசை என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கோ அது படித்து வாங்கிய பட்டம் மாதிரி. மூக்குக்கண்ணாடி லென்ஸுக்குப் பூச்சு போடும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அவள் பார்க்கும் வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை இல்லை. அதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். காற்றுக்கு மட்டும் தெரிந்த ஓட்டை.

தொழிற்சாலையின் நடுக்கூடத்தில் ஓர் எஃகுப் பெட்டி நிற்கிறது. ஆள் குனிந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிது. லென்ஸ்களைத் தட்டுகளில் அடுக்கி உள்ளே மாட்டிக் கதவைச் சாத்தினால், பம்புகள் பெட்டிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும். பிறகு அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும் உப்பு மாதிரியான பொருளைச் சூடாக்குவார்கள். அது ஆவியாகி நேரே போய் லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் பளிச்சென்று திரும்பாமல் காப்பது அந்தப் படலம்தான். வழியில் காற்று நின்றால் ஆவி அதில் முட்டி மோதித் திசை தவறிவிடும், படலமும் சரியாக ஒட்டாது. ஆகவே பெட்டிக்குள் ஒன்றுமே இருக்கக் கூடாது.

‘ஒண்ணுமே இல்லாததை உண்டாக்க இவ்வளவு இரும்பா?’ என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் கேட்டாளாம். அப்போது அவள் லென்ஸ் கழுவும் பிரிவில் இருந்தாள். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவள். வயது இருபத்து நான்கு. அந்தக் கேள்வி அவளை விடவில்லை. துடைப்பான் வேண்டும், வாளி வேண்டும் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

ஒருநாள் பெட்டி கசிந்தது. மூன்று பொறியாளர்கள் இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தரை துடைக்க வந்தவள், திறந்து கிடந்த கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர் வளையத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் மேல் குறுக்காக ஒரு தலைமுடி கிடந்தது. “சார், இந்த முடிக்குப் பக்கத்துல இருக்குற சந்து வழியா காத்து போகுமா?” என்று கேட்டாள். இருவர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்காமல் முடியை எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் பம்பைப் போட்டார். உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவுமானியின் முள் விறுவிறுவென்று இறங்கியது. முடியின் நீளத்தைப் பார்த்தபின் அது யாருடையது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூடத்தில் பின்னல் போட்டிருந்தது அவள் ஒருத்திதான். அன்றே கொண்டை போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஹீலியம் வாயுவை மெல்லிய குழாயால் பெட்டியின் மூட்டு மூட்டாக ஊதி, அது உள்ளே நுழைகிறதா என்று கருவியில் பார்ப்பதுதான் கசிவு தேடும் முறை. மற்றவர்கள் அரை நாள் ஊதிவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். வீட்டிலும் இதே கதைதான். குளிர்பெட்டிக் கதவில் காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்ப்பாள். கணவர் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். அவருடைய காரின் நாலு சக்கரத்தையும் அவள் மாதம் ஒரு முறை சோப்பு நுரையால் குளிப்பாட்டுவாள். “எங்க வீட்டம்மாவுக்கு முழுசா இருக்கிற எதைப் பார்த்தாலும் சந்தேகம்” என்று அவர் தன்னிடம் வண்டி பழக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

வால்வுகளைத் தேர்ந்தெடுப்பதும் நாளடைவில் அவள் பொறுப்பானது. வீட்டுக் குழாயைத் திறந்து மூடும் அதே வேலைதான் வால்வுக்கு இங்கேயும், ஆனால் இங்கே அது ஓடவிடுவதும் நிறுத்துவதும் காற்றை. பம்பின் அகலமான வாய்க்கு, பலகைக் கதவு பக்கவாட்டில் நகர்ந்து மூடுவது மாதிரியான வால்வு. துளித்துளியாக வாயு விட வேண்டிய இடத்துக்கு ஊசி முனை வைத்தது. ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். எவ்வளவு காற்று போக வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூட வேண்டும், மூடினால் அடைத்த மாதிரி நிற்குமா என்று அவளிடம் கேள்விகள் தயாராக இருக்கும். அவற்றில் பழுதொன்றும் இல்லை. ஒரு கேள்வி குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி என்றதும் கொள்முதல்காரரைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடுகிறவர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் கேள்வித்தாள். திருகாணி வேண்டும் என்று சீட்டுக் கொடுத்தால்கூட, ஏன் ஆறு, ஐந்து போதாதா, தலை வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டுக் கழுத்தை அறுப்பார். ஓட்டையக்காவுக்கும் அவருக்கும் பதினெட்டு வருடமாக ஏழாம் பொருத்தம்.

“உங்களுக்குப் பதில் சொல்றதுக்கே தனியா ஒரு ஆள் போடணும் சார்” என்பாள்.

“கேட்டாத்தானே மேடம் தெரியும்” என்பார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மூன்று மாதம் முன்பு பெட்டியில் ஒரு வால்வை மாற்றினார்கள். பூச்சு முடிந்ததும் வெளிக்காற்றை உள்ளே விட்டால்தான் கதவு திறக்கும். அதற்காக இருந்த பழைய வால்வின் வாய் சின்னது. காற்று நிரம்பும்வரை லென்ஸ் அடுக்கும் பெண்கள் கைகட்டி நிற்க வேண்டும். ஓட்டையக்கா புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதன் உள்ளே ஓர் எஃகு உருண்டை, உருண்டையின் நடுவே ஒரு துளை. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் துளை குழாய்க்கு நேராக வந்து காற்று தடையில்லாமல் பாயும். திருப்பி வைத்தால் துளை குறுக்கே போய் வழி அடைந்துவிடும். இரண்டு பக்கமும் வழவழப்பான வெள்ளை வளையங்கள் உருண்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹீலியம் ஊதிப் பார்த்தாள், இம்மியும் கசியவில்லை. அந்த வால்வைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறை.

அதே வாரம் பெட்டியின் மூட்டுகளில் போடும் ரப்பர் வளையங்கள் வேறொரு கடையிலிருந்து வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பழி போட ஒரு இடம் வேண்டியிருக்கும்போது இப்படித்தான் ஏதாவது வசதியாக வந்து நிற்கும்.

பூச்சு உரியத் தொடங்கியது. லென்ஸில் ஒட்டுநாடாவை ஒட்டிச் சரேலென்று இழுத்துப் பார்ப்பார்கள். படலம் அப்படியே நாடாவோடு வந்தது. தட்டுத் தட்டாகக் கழித்துப் போட்டார்கள். பெட்டி கசிகிறது என்பது முள்ளைப் பார்த்தாலே தெரிந்தது; இறங்க வேண்டிய இடம்வரை இறங்காமல் சண்டித்தனம் பண்ணியது, நடுவே விக்கல் வந்தது போல மேலே ஏறியது. ஓட்டையக்கா ஹீலியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கதவு, மூட்டு, சாளரம், கம்பி நுழையும் இடம். ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. பத்து நாள் தலைகீழாக நின்று பார்த்தும் ஓட்டை அகப்படவில்லை.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். “என்னதாங்க பிரச்சினை?”

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மையான பதில். இருபத்தாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை, அன்றும் வரவில்லை. “புது ரப்பர் வளையம் சரியில்ல சார். தரம் பத்தாது” என்றாள். தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னால் அதற்குப் பொய் என்றுதான் பெயர். நாம் வேறு பெயர் வைத்துக் காப்பாற்ற வேண்டாம். முதலாளியோ அவள் சொல்லை அப்படியே நம்பினார். வளையம் வாங்கியது யார்? கேள்வித்தாள். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லி அவருக்குக் கடிதம் போனது.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் சொன்னாள்.

“வளையம்தான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்றார் அவர்.

“வேற என்னவா இருக்க முடியும்ங்க?”

“நான் கேட்டது அது இல்லையே.”

அவள் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

வளையங்களை எல்லாம் மாற்றினார்கள், பழைய கடையிலிருந்தே வரவழைத்து. பூச்சு உரிந்துகொண்டேதான் இருந்தது. அது கொள்முதல்காரரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் கெட்ட வளையம் போட்டதில் மூட்டே பழுதாகியிருக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் நம்பிவிட்டார்கள். ஓட்டையக்கா அதை மறுக்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவிலும், அந்தப் பழைய அரிப்பு, தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்கிற அரிப்பு, அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து, முள் எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்று மணி போட்டு எழுதத் தொடங்கினாள்.

நான்காம் நாள் எழுதியதைப் படித்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவைத் திறந்து மூடிப் பம்பைப் போட்டதும் முதல் ஒரு மணி நேரம் கசிகிறது. அப்புறம் குறைகிறது. இன்னும் ஓட விட்டால் சுத்தமாக நின்றுவிடுகிறது. அவள் ஹீலியம் ஊதுவது எப்போதுமே பெட்டி நன்றாக வெறுமையான பிறகு. அதாவது இவள் தேட வரும்போது கசிவு போய்விட்டிருக்கும்.

ஓட்டைக்குக் களைப்பு வருமா? சுவரில் ஓட்டை இருந்தால் வெளியே இருக்கும் காற்றுக்கு ஏது பஞ்சம், உலகம் முழுக்கக் காற்றுதானே. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். தீர்ந்துபோகிறது என்றால் அது கொஞ்சம் காற்றுதான். எங்கேயோ அள்ளி வைத்த காற்று. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி நிரம்பிக்கொள்கிற காற்று. அப்படியானால் திருடன் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேதான் ஒளிந்திருக்கிறான். அவளுக்குக் கை பரபரத்தது. திருகாணிக் குழிகளைப் பார்த்தாள், பற்றவைத்த இடங்களின் பின்புறத்தைப் பார்த்தாள். ஒளிய இடமே இல்லை.

வியாழக்கிழமை காலை, தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர் பின்கட்டில் வேலையாக இருந்தார். பம்பைக் குளிர்விக்கும் தண்ணீர் வரும் குழாயில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். மேலே அடைத்து, குழாயை வடித்துவிட்டு, மூடியிருந்த பழைய உருண்டை வால்வைக் கழற்றி எடுத்தார். இரண்டு முனையும் காய்ந்திருந்தன. கைப்பிடி இறுகிப் போயிருக்கிறதா என்று பார்க்க அதைத் திருப்பினார். உள்ளேயிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் பொத்தென்று அவர் காலணிக்குள் விழுந்தது.

“சனியனே!” என்று காலை உதறினார்.

அந்த வழியாகப் போன ஓட்டையக்கா சிலையாக நின்றுவிட்டாள். “அண்ணே, இன்னொரு தடவை செய்ங்க.”

“ஏங்க்கா, ஒரு கால் நனைஞ்சது பத்தாதா?”

“அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். திறந்து வச்சுத் தண்ணியில முக்குங்க. உள்ளயே மூடுங்க. எடுத்துத் தொடைங்க. அப்புறம் திருப்புங்க.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே செய்தார். துடைத்த வால்வு காய்ந்த கல் மாதிரி இருந்தது. திருப்பினார். மறுபடியும் ஒரு கரண்டித் தண்ணீர். இந்த முறை காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

உருண்டை வால்வு திறந்திருக்கும்போது துளையில் காற்று நிற்கிறது. மூடினால் துளை குறுக்கே திரும்பி, தன்னிடம் இருக்கும் காற்றோடு அடைபட்டுவிடுகிறது. வெளிப்பக்கம் கசியவே இல்லை, அவள் சோதித்தது தப்பில்லை. ஆனால் உள்பக்கம் பெட்டி வெறுமையாக வெறுமையாக, அடைபட்ட காற்று வெள்ளை வளையத்தைத் தாண்டி விக்கி விக்கி உள்ளே வருகிறது. ஒரு கரண்டிக் காற்று. ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கரண்டி என்பது பெரிய கூட்டம்.

ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓடுகிற ஓட்டமா அது! பெட்டியின் வால்வில் வெளி வாயை ஒரு தகட்டால் இறுக்கி அடைத்தாள். கைப்பிடியைப் பாதி திறந்து வைத்தாள். இப்போது துளையும் பெட்டியோடு சேர்ந்து காலியாக வேண்டியதுதான், ஒளிந்திருக்க முடியாது. பம்பைப் போட்டாள். முள் இறங்கியது. விக்கவில்லை, நிற்கவில்லை. பழைய நாட்களில் போல நேராக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. லென்ஸ் அடுக்கும் பெண்கள் கைதட்டினார்கள். ஓட்டையக்கா வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு பத்து நிமிடம் அவளைப் போல மகிழ்ச்சியான ஜீவன் அந்தக் கட்டடத்தில் இல்லை.

பதினோராவது நிமிடம் அந்த வால்வைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நினைவுக்கு வந்தது.

அறிக்கை எழுத வால்வின் விவரம் வேண்டும். அது கொள்முதல்காரரின் கோப்பில் இருந்தது. அவர் அறைக்குப் போனாள். மேசை பாதி காலியாகியிருந்தது. ஓர் அட்டைப்பெட்டியில் கண்ணாடிக் குவளையும் குடையும் கிடந்தன. மறுநாள் அவருக்குக் கடைசி நாள்.

“அந்த உருண்டை வால்வு கோப்பு வேணும் சார்.”

அவர் தயங்கினார். “விவரம் நான் தனியா எழுதித் தர்றேனே மேடம்.”

“கோப்பையே குடுங்களேன்.”

கொடுத்தார். அவளுடைய சீட்டு மேலே இருந்தது. அதன் அடியில் வழக்கம்போல அவர் கையெழுத்தில் ஒரு கேள்வி: ‘மூடும்போது உருண்டையின் துளைக்குள் இருக்கும் காற்று எங்கே போகும்?’ அதற்குக் கீழே, அவசர அவசரமாகக் கிறுக்கிய பதில்: ‘காற்றைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொள்கிறேன். நீங்கள் வாங்கினால் போதும்.’ கையொப்பம் அவளுடையது. எழுதியதே அவளுக்கு நினைவில்லை. அவரைத் தட்டிக்கழிக்க எழுதிய எத்தனையோ பதில்களில் அது ஒன்று.

“இதை ஏன் முதலாளிகிட்ட காட்டல? இதைக் காட்டியிருந்தா உங்க வேலை போயிருக்காதே.”

“காட்டி?” என்றார் அவர். “நான் கேள்விதானே கேட்டேன். பதில் எனக்கும் தெரியாதே. தெரியாத ஒண்ணை வச்சு உங்க மேல எப்படிங்க பழி போடறது?”

அவர் குத்திக் காட்டவில்லை. குரலில் அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் கோப்பை மூடிக் கையில் இடுக்கிக்கொண்டாள். யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“வாங்க சார்” என்றாள். “எங்கன்னு கேக்காதீங்க. இந்த ஒரு தடவை மட்டும்.”

முதலாளி இருவரையும் சேர்ந்து பார்த்ததும் சண்டை பஞ்சாயத்து என்றுதான் நினைத்தார். அவள் உட்காரவில்லை. “வால்வு நான் எடுத்தது சார், தப்பு அதுலதான். இவர் அன்னைக்கே கேட்டிருக்கார், நான்தான் மதிக்கல. ரப்பர் வளையத்துல ஒரு குறையும் இல்ல.”

“நீங்கதானே வளையம்னு சொன்னீங்க?”

“சொன்னேன். தெரிஞ்சு சொல்லல. எனக்குத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துது. அதனால இவர் வேலை போச்சு.” சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சுக்குங்க சார்.”

முதலாளி கொள்முதல்காரருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவளைப் பார்த்து, “உங்களைப் பத்தி அப்புறம் பேசறேன்” என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்பது அன்று அவ்வளவு பயமாக இல்லை.

வெளியே நடைவழியில் கொள்முதல்காரர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நாலு எட்டு நடந்துவிட்டு நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மேடம். அந்தக் காத்து எங்கதான் போச்சு?”

அவள் சொன்னாள். அங்கேயே சுவரோரமாக நின்று, கையை உருண்டையாக மடக்கி, திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னாள். அவர் நடுவில் ஒன்பது கேள்வி கேட்டார். இரண்டுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றாள், அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான்கு முறை சொல்லி முடித்த பிறகு, ஐந்தாவது முறை அவர் தன் ஒல்லிக் கையை மடக்கி அவளுக்குச் சொல்லிக் காட்டினார். அதில் ஒரு பிழையும் இல்லை.